முயல் வாங்குமுன் கொஞ்சம் கேளுங்கள்

(தோட்டப் பிரிவொன்றின் சனசமூக நிலையத்தில் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்குமாக எமது நிறுவனத்தின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)

 

காலையில் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று கொழுந்தெடுத்து, நிறுவை முடித்து, வீட்டு வேலையையும் அரைகுறையாக விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். களைப்பு எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நாங்கள் லயம் லயமாகப் போகும்போது பிள்ளைகள் ஓடி வந்து கேட்கிற ஒரு கேள்வி இருக்கிறது. "எங்க வீட்டுல முயல் வளக்கலாமா? அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க!" அம்மாவைக் கேட்டால், "இவனுக்கு என்ன, கேட்டுட்டுப் போயிடுவான். புல்லு அறுக்கிறது யாரு? நான்தானே!" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த இரண்டு நியாயத்தையும் சேர்த்து வைத்துப் பேசத்தான் இன்று வந்திருக்கிறோம்.

முயல் அழகான பிராணி. குரைக்காது, கூவாது. பக்கத்துக் காம்பராக்காரரின் தூக்கத்தைக் கெடுக்காது. நாலு சுவருக்குள் நெருங்கி வாழும் நமக்கு அது பெரிய விஷயம். பிள்ளைகளுக்குப் பொறுப்பும் இரக்கமும் பழக்க நல்ல துணை. ஆனால் வாயில்லாத அந்தச் சீவன் பசித்தாலும் நொந்தாலும் சத்தம் போடாது என்பதால்தான், கவனிக்கத் தெரியாத வீட்டில் அது சத்தமில்லாமலே செத்தும் போகிறது. அப்படிப் போகக்கூடாது என்பதே எங்கள் ஆசை.

முதலில் ஒரு முடிவு

முயலை எதற்காக வாங்குகிறீர்கள்? வளர்க்கவா, கறிக்கா? இதை நாங்கள் மறைத்துப் பேச விரும்பவில்லை. முயல் கறி சாப்பிடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையிடம் "இது உன்னோட முயல், பேரு வை" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, தீபாவளி வந்ததும் சட்டியில் ஏற்றுவது சரியல்ல. பிள்ளை அதைச் சாகும்வரை மறக்காது. முயல் போனதை விட, அப்பா அம்மா சொன்ன வார்த்தை போனதுதான் பிள்ளை மனதில் நிற்கும். வளர்ப்பு முயல் என்றால் கடைசி வரை வளர்ப்பு முயல். இந்த முடிவைப் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து, முயல் வீட்டுக்கு வருமுன்னரே எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது காலக்கணக்கு. நன்றாகக் கவனித்தால் வீட்டு முயல் எட்டு முதல் பத்து வருடம் வரை உயிர் வாழும். சிலது அதற்கு மேலும் இருக்கும். இன்று இரண்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு குட்டி வாங்கினால், அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதும்போதும் அந்த முயல் கூட்டில் இருக்கும். அதுவரை தினமும் புல், தண்ணீர், கூடு கழுவுதல். ஒரு நாளும் லீவு கிடையாது. கொழும்புக்கு வேலைக்குப் போகப் போகும் மூத்த பிள்ளையை நம்பி முயல் வாங்காதீர்கள்.

மலையில் கிடைக்கும் குட்டி வேறு

ஒரு முக்கியமான விஷயம். கொழுந்தெடுக்கும்போதோ கவ்வாத்து வெட்டும்போதோ, தேயிலைத் தூருக்கடியில் சின்ன முயல் குட்டி ஒன்று அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். "ஐயோ பாவம், தாய் விட்டுட்டுப் போயிருச்சு" என்று மடியில் கட்டிக்கொண்டு வருகிறோம். அதைத் தாய் விட்டுவிட்டுப் போகவில்லை!

நமது மலைகளில் இருப்பது காட்டு முயல். கூட்டில் வளர்க்கும் முயல் வேறு இனம். வளர்ப்பு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் பக்கத்தில் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்ந்தவை. அவற்றின் குட்டி கண் திறக்காமல், மயிரில்லாமல் பிறக்கும். காட்டு முயலோ வளை தோண்டாது. அதன் குட்டி பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்ணுமாகப் பிறக்கும். தாய் அதைப் புல் மறைவில் விட்டுவிட்டு அப்பால் போய்விடும். நாய் நரி மோப்பம் பிடித்து வராமலிருக்க அது கையாளும் தந்திரம் அது. பொழுது சாயும் நேரத்தில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். பகலில் தாயைக் காணவில்லை என்றால் அது இயல்பு.

வீட்டுக்குக் கொண்டுவந்து போத்தலில் பசுப்பால் ஊற்றினால், அனேகமாகச் சில நாட்களில் அந்தக் குட்டி செத்துப்போகும். வயிறு கழிந்து சாகும், அல்லது பால் நுரையீரலுக்குள் போய்ச் சாகும். பயத்திலேயே சாவதும் உண்டு. ஆகவே கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். கத்தி படும் இடமாக இருந்தால், மெதுவாகத் தூக்கி நாலைந்து அடி தள்ளிப் புல் மறைவில் வையுங்கள். நாயைக் கிட்ட விடாதீர்கள். அதுவே அந்தக் குட்டிக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. வளர்க்க வேண்டுமென்றால் வளர்ப்பு முயல்தான்.

எப்படிப்பட்ட குட்டியை எடுப்பது?

எட்டுக் கிழமையாவது ஆன குட்டியை எடுங்கள். அதற்கு முன் தாயைப் பிரித்தால் வயிற்றுக் கோளாறு வந்துவிடும். சந்தையில் "சின்னக் குட்டிதான் நல்லா பழகும்" என்று சொல்லி உள்ளங்கை அளவுக் குட்டியைக் கையில் வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கண் தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் சளி வடியக்கூடாது. முன்னங்கால் உள்பக்க மயிர் ஒட்டிப்போயிருந்தால், அந்தக் குட்டி சளி பிடித்து மூக்கைத் துடைத்துத் துடைத்து நிற்கிறது என்று அர்த்தம். காதுக்குள் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். வாலுக்கடி சுத்தமாக இருக்கிறதா பாருங்கள். அங்கு மலம் அப்பியிருந்தால் வயிறு சரியில்லை. வாயைத் திறந்து முன்பற்கள் ஒழுங்காக ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா என்றும் பாருங்கள். முயலின் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். கோணலாக இருந்தால் தேயாமல் நீண்டு, கடைசியில் சாப்பிட முடியாமல் பட்டினி கிடந்து சாகும்.

ஒன்றா இரண்டா? முயல் கூட்டமாக வாழ்ந்த பிராணி. தனியே கிடந்தால் சோர்ந்துபோகும். ஆனால் ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி எடுத்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள். நாலைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான். குட்டி போட்ட அன்றைக்கே மறுபடி சினை பிடிக்கக்கூடியது பெண் முயல். தடவைக்கு ஆறு குட்டி, வருடத்துக்கு ஆறு தடவை என்று வைத்தாலே 36 குட்டி! அந்த முப்பத்தாறையும் எங்கே வைப்பது? ஒரு வீட்டில் நாங்கள் கண்டோம்: இரண்டில் தொடங்கிய கூடு, வருடம் முடியும்போது இஸ்தோப்பு முழுக்க முயல். தீனிக்கு வழியில்லை. ஒன்றையொன்று கடித்துக் காது கிழிந்து கிடந்தன. அதைப் பார்த்தபின் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே முயல் மேல் இருந்த ஆசை போய்விட்டது.

ஆகவே ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் குட்டிகளை எடுப்பது நல்லது. இரண்டு ஆண் வளர்ந்ததும் சண்டை போடும். குட்டியில் ஆண் பெண் அடையாளம் காண்பது சுலபமல்ல. தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்த்து எடுங்கள், மூன்று மாதத்தில் இன்னொரு தடவையும் பாருங்கள். ஆணும் பெண்ணும் ஏற்கனவே இருந்தால் தனித்தனிக் கூடு. விதை நீக்கும் சத்திர சிகிச்சையும் உண்டு. முயலுக்கு அதைச் செய்து பழகிய மிருக வைத்தியர் யார் என்று உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

கூடு எங்கே, எப்படி?

நம்முடைய காம்பராவின் அளவு நமக்குத் தெரியும். அதற்குள் பெரியவர்கள், பிள்ளைகள், விறகு, அடுப்பு. அடுப்புப் புகை மனுசனுக்கே கெடுதல், முயலின் நுரையீரலோ இன்னும் மெல்லியது. ஆகவே அடுப்படியில் கூடு வைக்கவே வேண்டாம். இஸ்தோப்பில் காற்றோட்டமான ஒரு மூலை, அல்லது வீட்டோரமாகத் தாழ்வாரத்தின் கீழ் ஓரிடம் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சுவர் பொதுச்சுவர், வாசலும் பொதுவாசல். பிறகு மனஸ்தாபம் வரக்கூடாது.

கூடு நாலு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரத்துக்குக் குறையக்கூடாது. இது ஒரு முயலுக்கு. இரண்டுக்கு இன்னும் பெரிதாக வேண்டும். பின்னங்காலில் எழுந்து நின்றால் காது கூரையில் இடிக்கக்கூடாது. நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால் வைத்துக் கட்டுங்கள். பழைய சவுக்குப் பலகை போதும். பக்கங்களுக்கு அரை அங்குலக் கண் உள்ள கெட்டியான கம்பி வலை அடியுங்கள். மெல்லிய கோழிக்கம்பியை நாய் ஒரே இழுப்பில் கிழித்துவிடும். கீரியும் மரநாயும் சின்னச் சந்து கிடைத்தாலே நுழைந்துவிடும். இரவில் கொக்கி போட்டுப் பூட்டுங்கள்.

தரை முழுவதும் கம்பியாக இருக்கக்கூடாது. நாயின் பாதத்தில் இருப்பது போன்ற மெத்தை முயலின் பாதத்தில் இல்லை. கம்பியில் நின்று நின்று குதிகால் புண்ணாகிவிடும். பாதியாவது பலகை போட்டு, அதன்மேல் காய்ந்த புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள். ஒரு மூலையில் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி வையுங்கள். பயந்த நேரத்தில் ஒளிய இடமில்லாவிட்டால் முயல் நிம்மதியாக இராது.

நுவரெலியாப் பக்கம் தை, மாசி மாதங்களில் புல்லில் பனி உறைகிற குளிர் வரும். முயல் குளிரைத் தாங்கும். ஈரத்தையும் ஊதக்காற்றையும் தாங்காது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கும் பக்கத்துக்குச் சாக்கோ படங்கோ கட்டுங்கள். ஆனால் முழுதாக மூடிவிடாதீர்கள். மூத்திர நெடி உள்ளேயே தங்கினால் சளி பிடிக்கும்.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களில் நிலைமை தலைகீழ். அங்கே எதிரி வெயில். முப்பது பாகை செல்சியசுக்கு மேல் போனால் முயலுக்கு ஆபத்து. அதற்கு வியர்க்காது, காது வழியாகத்தான் சூட்டை வெளியேற்றும். தகரக் கூரையாக இருந்தால் அதன்மேல் மானாப்புல்லைத் தடிப்பாகப் பரப்புங்கள். காதை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கி, சுருண்டு கிடந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடும்.

தீனி: புல், புல், பிறகும் புல்

படத்தில் முயல் எப்போதும் கரட் தின்கிறது. அதை நம்பி கரட்டையே கொடுக்காதீர்கள். கரட்டில் சீனி அதிகம். கட்டைவிரல் அளவுத் துண்டு, கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, அவ்வளவுதான். முயலின் உண்மையான சாப்பாடு புல். ஒரு நாளைக்கு அதன் உடம்பளவு குவியல் புல்லாவது கூட்டில் கிடக்க வேண்டும். அறுகம்புல், கினிப்புல், காய்ந்த புல் எல்லாம் நல்லது. புல்லை அரைத்து அரைத்துத் தின்பதால்தான் பல் தேய்கிறது, குடலும் ஓடுகிறது.

புல் எங்கே அறுப்பது? இதுதான் நமது தோட்டங்களில் முக்கியமான கேள்வி. களைக்கொல்லி மருந்தடித்த மலையில் அறுக்கவே கூடாது. எந்த நம்பர் மலையில் எப்போது மருந்தடித்தார்கள் என்று மருந்தடிக்கும் ஆட்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் நம்ம ஆட்கள்தானே! மரக்கறித் தோட்டத்தில் பூச்சிமருந்து பட்ட இலையும் அப்படித்தான். றோட்டோரத்தில் நாய் அசிங்கம் செய்யும் இடத்துப் புல்லையும் தவிருங்கள். மழையில் நனைந்த புல்லைச் சாக்கில் அமுக்கி வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். அதைத் தின்றால் வயிறு ஊதும். வந்தவுடன் பரப்பி உலர்த்திப் போடுங்கள். பூசணம் பிடித்த புல்லை எறிந்துவிடுங்கள்.

புல்லுக்கு மேல், கை நிறைய இலை கொடுக்கலாம். கரட் இலை, நோக்கோல் இலை, வத்தாளங்கொடி, வல்லாரை, கொத்தமல்லி நல்லது. கோவாவும் பீட்ரூட் இலையும் கொஞ்சமாக. புதிய இலை எதுவானாலும் முதல் நாள் ஒரே ஒரு இலை. ஒத்துக்கொண்டால் பிறகு கூட்டுங்கள்.

இனிக் கொடுக்கவே கூடாதவை. இதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லீக்ஸ், வெங்காயம், உள்ளி. மரக்கறி லொறியில் உதிர்ந்து கிடக்கும் லீக்ஸ் இலையைப் பொறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அது முயலின் இரத்தத்தைக் கெடுக்கும் நஞ்சு. உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி ஆகாது. பட்டர்ப்பழ மரத்து இலை ஆகாது. வேலியோர நாயுண்ணிச் செடி, ஊமத்தை, அலரி ஆகாது. இவற்றோடு சோறு, பாண், ரொட்டி, பிஸ்கட், இனிப்பு எதுவும் வேண்டாம். "ஆசையாத் தின்னுதே" என்று சொல்லாதீர்கள். ஆசையாகத் தின்றுதான் குடல் நின்று சாகிறது. கோழித்தீனும் வேண்டாம். அதில் கலக்கும் சில மருந்துகள் முயலுக்கு நஞ்சு.

தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும். இரண்டு கிலோ எடையுள்ள முயல் ஒரு நாளைக்கு 100 முதல் 300 மில்லிலீற்றர் வரை குடிக்கும். "முயலுக்குத் தண்ணி வேணாம், புல்லுல இருக்கிறதே போதும்" என்று சொல்வது பிழையான பேச்சு. கவிழாத பாரமான சட்டியில் வைத்து, தினமும் மாற்றுங்கள்.

இன்னொன்று: முயல் குனிந்து தன் வாலடியிலிருந்து மெத்தென்ற ஒரு மலத்தை எடுத்துத் தின்னும். பார்த்து அருவருத்து அடிக்காதீர்கள். அது முயலுக்குத் தேவையான சத்து. மாடு அசைபோடுவது போல இது முயலின் வழி.

தூக்குவதும் பழகுவதும்

காதைப் பிடித்துத் தூக்காதீர்கள்! இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது. காதில் இருப்பது மெல்லிய நரம்பும் இரத்தக் குழாயும்தான். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்பாகத்துக்கடியில், உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பின்னங்கால் தொங்கினால் அது உதைக்கும். உதைக்கிற வேகத்தில் தன் முதுகெலும்பையே உடைத்துக்கொள்ளும். முயலின் எலும்பு அவ்வளவு லேசு.

ஏழெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தூக்கவே வேண்டாம். தரையில் உட்காரட்டும். முயல் தானாக வரட்டும். நெற்றியை மெதுவாகத் தடவினால் கண்ணை மூடிக்கொண்டு படுக்கும். பின்னங்காலால் தரையில் "டொக்" என்று தட்டினால் பயம் என்று அர்த்தம். ஓடிக்கொண்டே அந்தரத்தில் குதித்து உடம்பை முறுக்கினால் சந்தோசம். தினமும் மூன்று நாலு மணித்தியாலமாவது, நாய் பூனை வராத அடைப்புக்குள் ஓட விட வேண்டும். இருபத்துநாலு மணித்தியாலமும் கூட்டில் அடைத்தால் அது சிறைதான்.

குளிப்பாட்ட வேண்டாம். நகம் நீண்டால் நாலைந்து கிழமைக்கு ஒரு தடவை நுனியை மட்டும் வெட்டுங்கள். உள்ளே சிவப்பாகத் தெரியும் நரம்பில் கத்தி படக்கூடாது.

நோயும் மருந்தும்

முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடவில்லை, புழுக்கை போடவில்லை என்றால், "நாளைக்குப் பாப்போம்" என்று விடாதீர்கள். நாளைக்கு முயல் இராது. அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும்.

காதைத் தட்டிக்கொண்டே இருந்து, உள்ளே பழுப்புப் பொருக்குக் கட்டினால் காதுச் சொறி. மூக்கோரம், நகத்தோரம் மயிர் கொட்டி வெள்ளையாகப் பொருக்கு வந்தால் உடம்புச் சொறி. இரண்டுக்கும் ஊசி மருந்து உண்டு, சுகமாகும். குட்டிக்கு வயிறு ஊதிக் கழிந்தால் அது குடலில் வரும் ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். ஈரமும் அசுத்தமும் உள்ள கூட்டில் அது பரவும். வாலடி நனைந்து அழுக்காக இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு சதைக்குள் இறங்கிவிடும். மழைக்காலத்தில் தினமும் வாலடியைப் பாருங்கள். மூத்திரம் செம்மஞ்சளாகவோ சுண்ணாம்பு கரைத்தது போலவோ இருந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் அது இயல்பு.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. பிள்ளைக்குக் காய்ச்சலுக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் மருந்தை முயலுக்குக் கரைத்து ஊற்றாதீர்கள். மனிதரைக் காப்பாற்றும் அந்த மருந்து முயலின் குடலிலுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று முயலையே கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் மருந்தும் அப்படியே. கூட்டுக்குக் கிட்டக்கூட அடிக்க வேண்டாம்.

தோட்டங்களில் எல்லா நாளும் மிருக வைத்தியர் கிட்ட இல்லை என்பது உண்மை. அதனாலேயே முயல் வாங்குமுன்னரே உங்கள் பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகம் எங்கே, எந்த நாளில் திறக்கும் என்று விசாரித்து வையுங்கள். பெரிய சிக்கல் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகவர பஸ் செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் முயல் வாங்கும் செலவோடு சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

நம்முடைய சுகமும் பார்க்க வேண்டும்

முயலைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. முயலிடமிருந்து படர்தாமரையும் சொறியும் பிள்ளைகளுக்குத் தொற்றலாம். தோலில் வட்டமாக அரிப்பு வந்தால் தோட்டத்து வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டும்போது, "வீட்டுல முயல் இருக்கு" என்றும் சொல்லுங்கள். இழுப்பு வருத்தம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கூடு வெளியேதான் இருக்க வேண்டும்.

மிச்சத் தீனியை இரவில் கிடக்க விட்டால் எலி வரும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் வரும். மாலையில் சிந்தியதைக் கூட்டிவிடுங்கள். தீனியை மூடியுள்ள தகரத்தில் வையுங்கள். கூட்டுக் கழிவைக் கானுக்குள் தள்ளாதீர்கள். அந்தக் கான் யாருடைய பீலித் தண்ணீரில் போய்ச் சேரும் என்று யோசியுங்கள். குழி ஒன்றில் போட்டு மக்க விட்டால், வீட்டுத் தோட்டத்து மரக்கறிக்கு அருமையான பசளை.

வேலை யாருக்கு?

கடைசியாக, அந்த அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறோம். "புல்லு அறுக்கிறது யாரு?"

மலையில் பகல் முழுக்க நின்றுவிட்டு, தண்ணீர் எடுத்து, சமைத்து, துணி துவைக்கும் தாயின் தலையில் இந்த வேலையையும் ஏற்றுவதாக இருந்தால், அந்த வீட்டுக்கு முயல் வேண்டாம் என்பதே எங்கள் பதில். இதை நாங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பொறுப்புப் பழக்குகிறோம் என்று சொல்லி வாங்கி, தாய்க்குச் சுமை கூட்டினால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும்? ஆசைப்படுவது ஒருவர், உழைப்பது இன்னொருவர் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். காலையில் தண்ணீர் மாற்றி, கூட்டைக் கூட்டுவது பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து புல் கொண்டுவருவது அண்ணனும் தம்பியும். பெண் பிள்ளை மட்டுமல்ல, ஆண் பிள்ளையும்தான்! ஞாயிற்றுக்கிழமை கூட்டைக் கழுவிக் காயவைத்து, உடைந்த பலகையைத் திருத்துவது அப்பா. வைத்தியரிடம் கொண்டுபோவதும் அப்பாவின் பொறுப்பு. பெரியவர் ஒருவர் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், ஓர் உயிரின் முழுப் பொறுப்பையும் அவன் தலையில் வைக்க முடியாது.

ஒரு வழி சொல்கிறோம். முயல் வாங்குமுன் ஒரு மாதம், முயல் இருப்பதாகவே வைத்து, தினமும் ஒரு கட்டுப் புல் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் புல்லைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொடுங்கள். ஒரு மாதம் தவறாமல் புல் வந்தால் முயல் வரலாம். ஒரு கிழமையிலேயே நின்றுபோனால், மாட்டுக்காரருக்கு லாபம். முயலுக்கும் லாபம்தான்!

ஊர் மாறிப் போக நேர்ந்தாலோ, வளர்க்க முடியாத நிலை வந்தாலோ, தேயிலை மலையிலோ காட்டிலோ அவிழ்த்து விடாதீர்கள். "காட்டுல பொழைச்சுக்கும்" என்பது நம் மன ஆறுதலுக்குச் சொல்வது. கூட்டில் பிறந்த முயலுக்கு ஒளியத் தெரியாது. நாயோ கீரியோ அதை விட்டுவைக்காது. பொறுப்பான இன்னொரு வீட்டைத் தேடிக் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, இவ்வளவையும் கேட்டபின் சிலர் "அப்ப வேணாம்" என்று முடிவெடுக்கலாம். அதில் வெட்கமில்லை. முடியாது என்று தெரிந்து விலகுவதும் அந்தப் பிராணிக்குச் செய்யும் நன்மையே. "எங்களால முடியும்" என்று சொல்கிறவர்கள், இன்றிரவு அம்மா அப்பாவோடு உட்கார்ந்து, யாருக்கு எந்த வேலை என்று ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டில் ஒட்ட ஆயத்தமாக வையுங்கள். கூடு கட்டுவதில் சந்தேகம் இருந்தால் எங்கள் ஊழியர்கள் அடுத்த முறை வரும்போது கேளுங்கள், வந்து பார்த்துச் சொல்வோம்.